நாற்பது குடம் தண்ணீர்

கிளாடியோலஸ் பூச்செடியின் கிழங்கு ஏன் அழுகுகிறது என்று கேட்டுக்கொண்டு போன மாதம் ஒரு பெண் என் வீட்டுக்கு வந்தாள். தோட்டக்கலை படித்தவள். பூ வளர்ப்பவர்களுக்காக அவர்கள் ஒரு மாத இதழ் போடுகிறார்களாம். அதற்கு அனுபவஸ்தர் என்ற முறையில் நான் நாலு பக்கம் எழுத வேண்டுமாம். "உங்க காலத்துல குளிர்பதன அறை கிடையாது, இப்ப இருக்கிற மருந்தும் கிடையாது. எப்படி ஐயா அழுகாம வெச்சிருந்தீங்க?" என்று கேட்டாள்.

அழுகாமல் வைத்திருந்தோம் என்று அவளுக்கு யார் சொன்னார்களோ தெரியவில்லை.

கேட்டதை முதலிலேயே கொடுத்துவிடுகிறேன். தண்ணீர் தேங்கும் இடத்தில் கிளாடி வைக்காதீர்கள். இந்த வருஷம் வைத்த பாத்தியில் அடுத்த வருஷம் வைக்காதீர்கள், மூன்று வருஷம் விட்டுவிடுங்கள். நாலு விரல் ஆழத்துக்குக் குறையாமல் ஊன்றுங்கள், மேலாக வைத்தால் பூத்தண்டு காற்றில் சாய்ந்துவிடும். பூ முடிந்ததும் அவசரப்பட்டுத் தோண்டாதீர்கள். இலை பழுக்க ஒன்றரை மாதம் ஆகும், பொறுங்கள். செடியைப் பிடித்து இழுக்காமல் மண்ணைக் கெல்லிக் கிழங்கை எடுங்கள். நிழலில் உலர்த்துங்கள். புதுக் கிழங்குக்கு அடியில் சப்பையாக ஒட்டிக்கொண்டிருக்கும் பழைய கிழங்கைத் திருகி எறியுங்கள். மேல் சருகை மட்டும் உரித்துவிடாதீர்கள், அது அதன் சட்டை. இலைப்பேன் வராமலிருக்க நாலு பாச்சை உருண்டை போடுங்கள். எல்லாப் பக்கமும் காற்றுப்படும்படி வையுங்கள். இவ்வளவுதான் சங்கதி, எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் இருக்கும். புத்தகத்தில் இல்லாத ஒன்று என்னிடம் இருக்கிறது. அதை அந்தப் பெண்ணின் இதழ் போடுமோ போடாதோ, எழுதிவிடுகிறேன்.

நான் ஸ்ரீமுஷ்ணத்துப் பக்கத்துக்காரன். ஏரியும் கிணறும் தவிர வேறு தண்ணீர் பார்க்காமல் வளர்ந்தவன். அறுபதுகளின் தொடக்கத்தில், இருபது வயதில், கடலூர் கேப்பர் மலைச் சரிவில் இருந்த ஒரு தனியார் நர்சரியில் தண்ணீர் ஊற்றும் ஆளாகச் சேர்ந்தேன். முதல் வருஷம் தண்ணீர் ஊற்றினேன், இரண்டாம் வருஷம் மண் கலந்தேன், மூன்றாம் வருஷம் பதியன் போட்டேன். படிப்பு என்று சொன்னால் அதுதான் என் படிப்பு. முதலாளி புதுச்சேரியில் இருந்தார். மாதம் ஒருமுறை காரில் வந்து, ரோஜாவைப் பார்த்து, யாரையாவது திட்டிவிட்டுப் போவார். நர்சரியை நடத்தியதெல்லாம் சூப்பர்வைசர் மரியதாஸ் சார்.

சார் குன்னூர்ப் பக்கத்தவர். மலைத் தோட்டங்களில் வேலை பார்த்துவிட்டு, மனைவியின் ஆஸ்துமாவுக்காகக் கீழே இறங்கி வந்தவர். ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. தப்பு செய்தால் பக்கத்தில் வந்து நின்று, நாம் செய்த வேலையை மறுபடி முதலிலிருந்து தானே செய்து காட்டிவிட்டுப் போவார். அதற்குப் பதில் நாலு அறை கொடுத்திருந்தால் தேவலை என்றிருக்கும். மலையிலிருந்து ரயிலில் கிழங்குப் பெட்டி வந்தால் அன்று வேறு வேலை கிடையாது. ஒவ்வொரு கிழங்காக எடுத்துக் கட்டைவிரலால் அடியில் அழுத்துவார். பிறகு மோந்து பார்ப்பார். கடைசியில் இரண்டு கிழங்கை ஒன்றோடொன்று தட்டுவார். நல்ல கிழங்கு புளியங்கொட்டை மாதிரி 'டக்'கென்று சொல்லும். உள்ளே கெட்டது சத்தம் போடாது. "கெட்டது பேசாது" என்பார். ஒரு பெட்டி முடிந்து அடுத்த பெட்டியைத் தொடுவதற்கு முன் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். கழுவினாயா என்று அவர் கேட்கமாட்டார், கழுவியிருப்பான் என்று நம்பிவிடுவார். எங்களுக்குப் பெரிய தொல்லை அவருடைய அந்த நம்பிக்கைதான்.

முதல் அடி சிதம்பரத்தில் விழுந்தது. வடக்கு வீதியில் ஒரு மிராசுதார் வீட்டில் நூறு கிழங்கு வாங்கினார்கள். எப்படி வைக்க வேண்டும் என்று நான் வாயால் சொல்லிவிட்டு பஸ் ஏறி வந்துவிட்டேன். அந்த வீட்டுப் பண்ணையாட்களுக்குக் கிழங்கு என்றால் கருணைக்கிழங்கு. விதைக் கருணையை எப்படி வெட்டுவார்களோ அப்படியே ஒவ்வொன்றையும் முளைக்கு ஒரு துண்டாக வெட்டி, சாணிக் கரைசலில் முக்கி, அந்தக் களிமண்ணில் குழி பறித்துப் புதைத்து, வயலுக்குப் பாய்ச்சுவது போலத் தண்ணீரும் கட்டிவிட்டார்கள். ஐப்பசி மழை மீதியைப் பார்த்துக்கொண்டது. ஒரு முளைகூட எழவில்லை.

மறு வருஷம் சாரே என்னுடன் சிதம்பரம் வந்தார். யாரையும் குறை சொல்லவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, முழங்கை உயரத்துக்கு மேட்டுப்பாத்தி போட்டு, கொள்ளிடத்து மணலைக் கலந்து, நூறு கிழங்கையும் தானே ஊன்றினார். தை மாதம் சிவப்பும் மஞ்சளுமாக நின்ற தண்டுகளைப் பார்த்து மிராசுதார் அசந்துபோனார். அதற்கு அடுத்த தையில் தன் பெண்ணுக்குக் கல்யாணம், பந்தல் முழுக்கக் கிளாடிதான், இரண்டாயிரம் தண்டு வேண்டும் என்று அங்கேயே சொல்லிவிட்டார். அந்த இரண்டாயிரத்தில்தான் என் கதை கெட்டது.

அவ்வளவு கிழங்கை மலையிலிருந்து வரவழைத்தால் கட்டுப்படி ஆகாது. எங்கள் பாத்தியில் எடுத்த கிழங்கைப் பங்குனியிலிருந்து புரட்டாசி வரை காப்பாற்றி வைத்தாக வேண்டும். கடலூர்ப் புழுக்கத்தில் அது லேசான காரியமில்லை. கூடையில் வைத்தால் அடிக்கிழங்கு வேர்க்கும், பாயில் பரப்பினால் தரை ஈரம் ஏறும். கிழங்கு அறையைப் பார்த்துக்கொண்டவள் அஞ்சலை அக்கா. தேவனாம்பட்டினத்து மீனவர் வீட்டுப் பெண், முப்பத்தைந்து வயது இருக்கும், தினக்கூலி. கருவாடு புரட்டிப் பழகிய கை என்பதால் கிழங்கு அவளிடம் நோகாது. ஒரு நாளைக்கு இரண்டு முறை எல்லாக் கிழங்கையும் புரட்டி வைப்பாள்.

அவள் புருஷன் சிங்காரத்துக்கு வலிப்பு. எப்போது வரும் என்று சொல்ல முடியாது. அப்படிப்பட்டவன் கட்டுமரத்தில் போய்க்கொண்டிருந்தான். கரையில் அவனுக்கு வேறு வேலை இல்லை. நர்சரிக்கு ஒரு வாட்ச்மேன் தேவைப்பட்டது. சார் முதலாளியிடம் பேசிவிட்டு அஞ்சலையைக் கூப்பிட்டுச் சொன்னார்: இந்த இரண்டாயிரம் கிழங்கு புரட்டாசி வரை நின்றுவிட்டால் உனக்கு நிரந்தரம், உன் வீட்டுக்காரருக்கு வாட்ச்மேன் வேலை, கேட்டுக்குப் பக்கத்து அறையில் இரண்டு பேரும் குடியிருந்துகொள்ளலாம். அன்றைக்கு அஞ்சலை என்னிடம் வந்து, "தம்பி, அந்த மனுசனைத் தரையில நிறுத்திட்டேன்னா போதும். வேற ஒண்ணும் வேணாம் எனக்கு" என்றாள். கிழங்குகளை அவள் பார்த்த பார்வை அன்றிலிருந்து மாறிவிட்டது. பிள்ளைத்தாய்ச்சி வயிற்றைத் தொடுவது போலத் தொடுவாள்.

வலை என் யோசனை. அதில் எனக்கு அப்போது பெருமை வேறு. தேவனாம்பட்டினத்தில் நைலான் வலை வந்து, பழைய பருத்தி வலைகளை மூலையில் போட்டிருந்த சமயம். சவுக்குக் கழி நட்டு, மூன்று அடுக்காக வலையைக் கட்டி, அதன்மேல் கிழங்கைப் பரப்பினால் மேலும் கீழும் காற்றுப் போகுமே என்று சாரிடம் சொன்னேன். அவர் என் முதுகில் தட்டினார். ஏழெட்டு வருஷத்தில் அந்த ஒரு தடவைதான் தட்டினார். சிங்காரமே தன் பழைய வலையைத் தோளில் சுமந்துகொண்டு வந்து போட்டான். "மச்சான், இதுல எத்தினி மீன் மாட்டியிருக்கும் தெரியுமா? இனிமே உன் கெழங்கு மாட்டட்டும்" என்று சிரித்தான். என்ன உறவென்று மச்சான் போட்டானோ, எல்லோரையும் அப்படித்தான் கூப்பிடுவான்.

சார் வலையைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னிடம் ஒன்றே ஒன்று சொன்னார். நூலில் உப்பு ஊறிப்போயிருக்கும். உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். நல்ல தண்ணீரில் மூன்று முறை அலசி வெயிலில் போடு, எப்படியும் நாற்பது குடம் ஆகும் என்றார்.

எங்கள் கிணறு ஆழக் கிணறு. பங்குனியில் தண்ணீர் பாதாளத்தில் கிடக்கும். நாற்பது குடம் இறைத்தால் தோள்பட்டை கழன்றுவிடும். அஞ்சலை இருந்திருந்தால் இரண்டு பேரும் மாற்றி மாற்றி இறைத்திருப்போம். அந்த வாரம் சிங்காரத்துக்கு வலிப்பு வந்து அவள் மூன்று நாள் வரவில்லை. நான் என்ன செய்தேன், வலையை மாட்டு வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு கெடிலம் ஆற்றுக்குப் போனேன். பாலத்துக்குக் கீழே இடுப்பளவு தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது. ஆற்றையே வைத்துக்கொண்டு எவன் கிணற்றில் இறைப்பான் என்று என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். மூன்று முறை இல்லை, ஐந்து முறை அலசினேன். கோடையில் கெடிலம் வற்றினால் முகத்துவாரம் வழியாகக் கடல் ஏறி வந்து நிற்கும் என்று எனக்குத் தெரியாது. ஸ்ரீமுஷ்ணத்தானுக்கு ஆறென்றால் நல்ல தண்ணீர்தான். அந்தத் துறையில் ஒருத்தர்கூடத் துணி துவைக்கவில்லை. ஏன் என்று யோசித்திருக்கலாம், யோசிக்கவில்லை. ஒரு வாய் குடித்துப் பார்த்திருக்கலாம், அதுவும் செய்யவில்லை.

நாலாம் நாள் அஞ்சலை வந்தாள். "அலசியாச்சா தம்பி?" என்று கேட்டாள். ஆச்சு அக்கா என்றேன். எங்கே என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அப்போது உண்மையைத்தான் சொல்லியிருப்பேன். வலை வெயிலில் காய்ந்து மொடமொடவென்று இருந்தது. கட்டினோம், கிழங்கைப் பரப்பினோம். சித்திரை போயிற்று, வைகாசி போயிற்று. கிழங்கு கல்லாக இருந்தது. சார் தினமும் இரண்டை எடுத்துத் தட்டிப் பார்ப்பார், 'டக்' என்று கேட்கும். அஞ்சலை கேட்டுக்குப் பக்கத்து அறையை ஒருநாள் பெருக்கிக்கூட வைத்தாள்.

ஆவணியில் வெப்பச்சலன மழை பிடித்துக்கொண்டது. சாயங்காலமானால் இடி, காற்று, சாரல். இரண்டு நாள் சாரல் உள்ளே அடித்ததால் அஞ்சலை ஜன்னலைச் சாத்தினாள். அடுத்த வாரம் ஒரு கிழங்கைப் புரட்டினவள் அப்படியே என்னைக் கூப்பிட்டாள். கிழங்கின் அடியில் ஈரக்கோடு. வலைக்கண் எப்படியோ அப்படியே கோணல் சதுரமாக, பழுப்பாக. சருகை விலக்கினால் உள்ளே கட்டைவிரல் இறங்கியது. பத்து நாளில் மூன்று அடுக்கும் போயிற்று. ஒன்று கெட்டால் அது தொட்டதெல்லாம் கெடும் ஜாதி அந்த நோய். அறைக்குள் நுழைந்தாலே புளித்த நாற்றம். சார் கடைசியாக இரண்டை எடுத்துத் தட்டினார். சத்தம் வரவில்லை.

முதலாளி காரில் வந்தார். யாரால் கெட்டதோ அவர்கள் இன்றைக்கே வெளியே போகவேண்டும் என்று சாரிடம் சொல்லிவிட்டு ரோஜாப் பக்கம் நடந்தார். சார் என்னையும் அஞ்சலையையும் கிழங்கு அறைக்குள் கூட்டிப்போனார். வலைக்கண் அடையாளத்தை அவரும் பார்த்திருந்தார். அவருக்குத் தெரியாதா என்ன. என்னைத்தான் முதலில் கேட்டார்.

"வலையை எந்தத் தண்ணியில அலசுனே?"

கேள்வியைக் கேட்ட அந்த நொடியில்தான் எனக்குக் கெடிலம் புரிந்தது. பாலத்தடி, தளும்பின தண்ணீர், துணி துவைக்காத துறை, எல்லாம் ஒன்றாக வந்து நெஞ்சில் நின்றது. தையில் எனக்கும் கல்யாணம் வைத்திருந்தார்கள். வேலையில் இருக்கிற பையன் என்றுதான் ஸ்ரீமுஷ்ணத்து மாமா பெண்ணைக் கொடுக்கச் சம்மதித்திருந்தார். இதெல்லாம் இப்போது சொல்கிற சமாதானம். அப்போது நான் எதையும் யோசிக்கவில்லை. வாய் தானாகப் பேசிற்று.

"கெணத்துத் தண்ணி சார். நாப்பது குடம்."

"சரி. நீ சொன்னா போதும்" என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன், அவர் சோற்றைக் கிளறிக்கூடப் பார்க்கவில்லை. பிறகு அஞ்சலையிடம் ஜன்னலைச் சாத்தினாயா என்று கேட்டார். "சாரல் அடிச்சுது, ரெண்டு நாளு சாத்துனேன் சார்" என்றாள். அவளுக்குப் பொய் சொல்லத் தெரியவில்லை. சார் தலையைக் குனிந்துகொண்டு, காற்று அடைபட்டுப்போச்சு என்று மெதுவாகச் சொன்னார். அவருக்கு அது வேதனை என்று எனக்குத் தெரிந்தது.

அஞ்சலை வலையின் ஓரத்து நூல் ஒன்றைப் பிடித்து இழுத்தாள். அதை நாக்கில் வைத்தாள். கடற்கரையில் பிறந்த நாக்கு, அதற்கு நாற்பது குடமும் தெரியும், கெடிலமும் தெரியும். நூலை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் இந்த அறுபது வருஷம் எனக்கு இன்னும் சுலபமாகப் போயிருக்கும். 'நீதானா' என்று கேட்பது போலப் பார்த்தாள், அவ்வளவுதான். பிறகு முந்தானையை உதறி இடுப்பில் செருகிக்கொண்டு நர்சரியை விட்டே வெளியே போனாள். சார் திரும்பி நின்றுகொண்டிருந்ததால் எதையும் பார்க்கவில்லை.

அழுகிய கிழங்கையெல்லாம் குழி வெட்டிக் கொளுத்தினோம். வலையையும் அதிலேயே போட்டேன். நாளைக்குச் சொல்லிவிடலாம், நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று ஒரு மாதம் போயிற்று. சொல்லாதவனுக்கு நாளைக்குப் பஞ்சமே கிடையாது. ஐப்பசியில் திருப்பாதிரிப்புலியூர் மார்க்கெட்டில் மீன் விற்கிற ஒரு அம்மா சிங்காரம் போய்விட்டதைச் சொன்னாள். இரண்டு பேராகக் கட்டுமரத்தில் போயிருக்கிறார்கள். நடுக்கடலில் வலிப்பு வந்திருக்கிறது. கூட இருந்தவன் துடுப்பைப் போட்டுவிட்டுப் பிடிக்கப் போவதற்குள் சிங்காரம் வழுக்கித் தண்ணீரில் விழுந்துவிட்டானாம். உடம்பு கிடைக்கவில்லை. நான் வாங்கின மீனை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

தையில் சிதம்பரத்துக் கல்யாணம் நடந்தது. கிளாடிக்குப் பதிலாகச் சம்பங்கியும் வாழையும் கட்டினார்கள். நானே போய்க் கட்டினேன். கிளாடி எங்கே என்று ஒரு ஆள்கூடக் கேட்கவில்லை. மிராசுதாரே மறந்துபோயிருந்தார். அந்த இரண்டாயிரம் தண்டு இல்லாததால் யாருக்கும் ஒரு குறையும் வரவில்லை.

அதே மாதம் எனக்கும் கல்யாணம் ஆயிற்று. அடுத்த வருஷம் என்னை மேஸ்திரி ஆக்கினார்கள். வாட்ச்மேனாக வேறு ஒருவன் வந்து கேட்டுக்குப் பக்கத்து அறையில் குடியேறினான். மரியதாஸ் சார் மனைவி இறந்ததும் மலைக்கே திரும்பிப் போய்விட்டார். போகிற அன்று தன் கிழங்குக் கத்தியை என்னிடம் கொடுத்து, நீ ஒருத்தன்தான் சொன்னதைச் செய்வாய் என்றார். வாங்கிக்கொண்டேன். அந்தக் கத்தியால் நான் எதையும் வெட்டியதில்லை.

அறுபத்தேழோ அறுபத்தெட்டோ, ஒரு சித்திரை வெயிலில் மனசைக் கல்லாக்கிக்கொண்டு தேவனாம்பட்டினம் போனேன். காலில் விழுந்து எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவு. அஞ்சலை மணலில் பாயை விரித்துக் கருவாடு புரட்டிக்கொண்டிருந்தாள். பாதி தலை நரைத்திருந்தது. என்னை அடையாளம் கண்டுகொண்டாள், வா என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அக்கா என்று ஆரம்பித்தேன். கருவாட்டைப் புரட்டிக்கொண்டே அவள்தான் பேசினாள்.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாம் நானு. யாரு கேப்பாங்க? வலை எங்க வலை. உப்பும் எங்க உப்புன்னுதான் சொல்லியிருப்பாங்க."

நான் மணலில் உட்கார்ந்துவிட்டேன். அழுதேன் என்று எழுதினால் அது எனக்கு நானே கொடுத்துக்கொள்ளும் நற்சான்றாகிவிடும். அவள் பாயில் மீதியிருந்த கருவாட்டையும் புரட்டி முடித்தாள். பிறகு கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு குடிசைக்குள் போய், ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். வாங்கி, குடிக்காமல் சொம்பைப் பிடித்தபடியே இருந்தேன்.

"கெடிலத்துத் தண்ணி இல்ல தம்பி" என்றாள். "நல்ல தண்ணிதான். குடிங்க."